தமிழில் வரும் செய்தியைச் சாட்பாட் எங்கே கோட்டைவிடுகிறது?

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் நேரத்தைச் சொல்லும் சிறிய டெலிகிராம் பாட் (செய்திக்குத் தானே பதில் தரும் நிரல்) ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வந்த செய்திக்குள் "தாம்பரம்" இருக்கிறதா என்று 'இன்' (in) என்ற செயற்குறி கொண்டு தேடுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் சென்னைக்காரர் "தாம்பரத்துக்கு எப்போ வண்டி?" என்றுதான் கேட்பார், இறுதி மகரம் கெட்டு 'அத்து' என்ற சாரியை (சொல்லுக்கும் வேற்றுமை உருபுக்கும் இடையே வரும் அசை) வந்துவிட்டதால் தேடிய சொல் அங்கே இல்லை, பாட் "புரியவில்லை" என்று கைவிரித்துவிடும். "தாம்பர" வரை மட்டும் தேடினால் இது தீரும்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. "பார்க்" நிலையத்தை அப்படியே தேடினால், "நேரம் பார்க்கணும்" என்று எழுதியவரும் அதில் சிக்குவார். இத்தகைய பெயருக்கு மட்டும் "பார்க்", "பார்க்குக்கு", "பார்க்கில்" என முழு வடிவங்களையே பட்டியலிட்டு, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவது நல்லது.

சொற்களைப் பிரிக்க, எழுத்து வடிவங்களைத் தேடும் 'ரீ' (re) மாட்யூலை நம்புவது இதைவிடப் பெரிய தவறு. அதில் சொல்லின் எழுத்தைக் குறிக்கும் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' (\w) குறியீடு துணையெழுத்துகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளாததால், "சென்னை" என்பது ச, ன, ன என்று மூன்று துண்டாகச் சிதறும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. 'ஸ்ப்ளிட்' கொண்டு இடைவெளியில் பிரித்து, ஓரத்து நிறுத்தற்குறிகளை நீக்கினாலே போதும்.

"கோடம்பாக்கம்" வேறு வகைச் சிக்கல். எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் யூனிகோடில் "கோ"வின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டும் பைத்தானுக்குச் சமமல்ல. ஆகவே செய்தியையும் நம் பட்டியலையும் 'யூனிகோட்டேட்டா' மாட்யூல் வழியாக என்.எஃப்.சி. (NFC) என்ற சேர்த்தெழுதிய வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

வருவதெல்லாம் எழுத்தாகவே இருக்கும் என்றும் எண்ணக் கூடாது. ஸ்டிக்கர் வந்தால், டெலிகிராம் தரும் தரவில் 'டெக்ஸ்ட்' என்ற சாவியே (மதிப்பை எடுக்க உதவும் பெயர்) இராது; சதுர அடைப்புக்குறியில் அதைக் கேட்டால் 'கீஎரர்' (சாவி இல்லை என்னும் பிழை) எழுந்து நிரல் நின்றுவிடும். புதிய செய்திகளை டெலிகிராமிடம் கேட்டுப் பெறும் 'கெட்அப்டேட்ஸ்' முறையில், அடுத்த அழைப்பின் 'ஆஃப்செட்' (எந்த எண்ணிலிருந்து வேண்டும் என்பது) கடைசி அப்டேட் எண்ணைவிட ஒன்று கூடுதலாக இருந்தால்தான் அந்தச் செய்தி பெறப்பட்டதாக டெலிகிராம் கொள்ளும். இல்லையேல் 24 மணி நேரம் வரை அதையே திரும்பத் தரும். எனவே பிழை நேர்ந்தாலும் எண்ணை நகர்த்தாவிட்டால், மறுபடி இயக்கும்போதெல்லாம் அதே ஸ்டிக்கர் பாட்டைக் கவிழ்க்கும்.

புறப்படும் நிலையத்தைக் கேட்டு நினைவில் வைக்கும் பாட் என்றால், அந்த விடையை ஒரே மாறியில் வைக்காமல் ஒவ்வொரு உரையாடலுக்கும் உரிய சாட் எண்ணைச் சாவியாகக் கொண்ட அகராதியில் (பைத்தானின் 'டிக்ட்') வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிண்டியில் நிற்பவருக்கு எழும்பூர் வண்டியின் நேரம் போய்ச் சேரும்.