வெயிலில் பாதியில் நின்ற புல்வெட்டி

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி காலையில் ஒழுங்காக ஓடும். உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் ஓடியதும் திணறி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். முதலில் பெட்ரோல் மூடியைத் தளர்த்தி ஓட்டினேன். மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. காரணம் அதுவல்ல.

அப்புறம் இன்ஜின் மேலிருக்கும் விசிறிக் கூட்டைக் கழற்றினேன். சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காய்ந்த புல்லும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு கெட்டியாக அப்பியிருந்தன. மேலே உள்ள வலை என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு இந்த இடுக்குகள்தான் மூச்சு. நன்றாக ஆறியபின் குச்சியால் கிளறி, பிரஷ் போட்டு, காற்றடித்து எடுத்தேன். தண்ணீர் பீய்ச்சவில்லை, ஊறிய புல் இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும்.

கூட்டை மாட்டாமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது. காற்றைத் தகடுகள் பக்கம் திருப்பிவிடுவதே அதுதான்.

ஆயிலையும் மாற்றினேன். வெளி வெப்பம் 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் 10டபிள்யூ-30 ரக ஆயில் சீக்கிரம் செலவாகிக் குறையக்கூடும் என்பதால் எஸ்ஏஇ 30 ரகத்தை ஊற்றினேன். இப்போது மத்தியானத்திலும் நிற்காமல் ஓடுகிறது. பெட்ரோல் நிரப்புவது மட்டும் இன்ஜின் ஆறிய பிறகுதான்.