புதுத் தொட்டியில் மீன் விடுவதற்கு முன்: முதல் ஆறு வாரம்

தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கி வருவதுதான் பெரும்பாலோர் வழக்கம். சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. அதற்கு நிறம் கிடையாது. மீனின் செவுளை அது அரித்துவிடும். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான்: ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். அது குறைந்த அளவில் மீனைப் பாதிக்காது. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த இரண்டு வகையும் புதுத் தொட்டியில் இல்லை. மீன் வருவதற்கு முன்பே அவற்றை வளர்த்து வைப்பதுதான் இங்கே நம் வேலை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டிக்கு இங்கே கணக்குச் சொல்கிறோம். விளிம்பு வரை 54 லிட்டர் பிடிக்கும். கல் போட்டு, மேலே மூன்று செ.மீ. இடம் விட்டால் நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர். மருந்துக் கணக்கெல்லாம் இந்த 45-க்குத்தான்.

இடமும் தொட்டியும்

கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 65 கிலோ. ஆடாத ஸ்டாண்ட் வேண்டும். வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும். தொட்டிக்கு அடியில் அரை அங்குல தெர்மாகோல் ஷீட் கட்டாயம். ஒரு சிறு மணல் பருக்கை உறுத்தினாலும் அடிக்கண்ணாடி விரியும்.

சோப்பு, டிடர்ஜெண்ட் எதுவும் படக்கூடாது. கல்லுப்பைத் தேய்த்துக் கழுவினால் போதும். பிறகு தண்ணீர் நிரப்பி, நான்கு மூலையிலும் ஸ்கேலால் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்டாண்ட் சரிவாக இருக்கிறது. தொட்டியைக் காலி செய்து, ஸ்டாண்டின் காலுக்கு அடியில் அடைகொடுங்கள். கசிவு தெரிய 24 மணி நேரம் அப்படியே நிற்கட்டும்.

கல்

நான்கு மில்லிமீட்டர் அளவு ஆற்றுக்கூழாங்கல் பத்து கிலோ வாங்கினால் மூன்றரை செ.மீ. கனத்துக்கு வரும். கலங்கல் போகும் வரை வாளியில் கழுவுங்கள். கல்மேல் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், தண்ணீரை மேலும் கடினமாக்கும். கடற்கரைச் சிப்பியும் அப்படித்தான்.

ஃபில்டர்

நடுத்தர அளவு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு ஏர் பம்பும் போதும். பாக்டீரியா பெரும்பாலும் வாழ்வது அந்த ஸ்பாஞ்சில்தான், தண்ணீரில் அல்ல. ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிப் பம்பைக் கெடுக்கும். கீழேதான் வைக்க முடியும் என்றால் குழாயில் ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) போடுங்கள். வயர் பிளக்குக்கு நேராகப் போகாமல், ஒரு வளைவு தொங்கிப் பிறகு ஏறட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சென்னை, மதுரை வெக்கைக்கு ஹீட்டர் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானலில் கட்டாயம். குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அது பாக்டீரியாவையும் கொல்லும். சோடியம் தயோசல்பேட் படிகம் பத்து கிராமைக் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். பத்து லிட்டருக்கு ஒரு மி.லி. விட்டால் போதும்.

போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் உப்பும் கடினமும் மிகுதி. கப்பி, மோலிக்கு அது பிடிக்கும், டெட்ராவுக்கு ஆகாது. என்ன மீன் என்பதைத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்வதுதான் எங்கள் பரிந்துரை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்பாதீர்கள். அதில் தாது இல்லை, பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) சட்டென்று சரியும். கோவையின் சிறுவாணித் தண்ணீர் போல மென்மையானதிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் வரும்.

ஊற்றும்போது கல்மேல் ஒரு தட்டு வைத்து அதன்மேல் ஊற்றுங்கள், கலங்காது.

அம்மோனியா ஊட்டுதல்

பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும். அதற்கு அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம். ஈயம் பூசப் பயன்படும் சரக்கு வேண்டாம், தூய்மை இருக்காது. லேப் கெமிக்கல் கடையில் தூயதாக வாங்குங்கள். பத்து கிராமைக் கரைத்து மொத்தம் அரை லிட்டர் ஆக்குங்கள். சிரிஞ்சில் 13 மி.லி. எடுத்துத் தொட்டியில் விட்டால் அம்மோனியா ஏறக்குறைய 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். நான்குக்கு மேல் ஏற்றாதீர்கள், வேலை மெதுவாகும்.

சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கும். செலவு பார்த்து இதைத் தவிர்த்தால் பிறகு எல்லாமே ஊகம்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

முதல் வாரம், சிலருக்குப் பத்து நாள், எதுவும் நடக்காது. இது இயல்பு. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும். அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்ததும் அதே கரைசலில் 6 மி.லி. விடுங்கள். நைட்ரைட் 5 பி.பி.எம். தாண்டினால் அம்மோனியா விடுவதை நிறுத்தி, குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். நைட்ரைட் கட்டம்தான் நீளமானது. இங்கேதான் பலர் பொறுமையிழந்து மீன் வாங்கி வருகிறார்கள்.

இடையில் தடுமாறினால்

வெள்ளைக் கலங்கல் வந்தால் அது வேறு பாக்டீரியாவின் பெருக்கம். சில நாளில் தானே தெளியும். கண்ணாடியில் பழுப்புப் படலம் வருவதும் புதுத் தொட்டியின் இயல்பு.

இரண்டு வாரம் எண்கள் அசையவே இல்லை என்றால் முதலில் பி.எச். பாருங்கள். 6.5-க்குக் கீழே போயிருந்தால் பாக்டீரியா சோர்ந்திருக்கும். அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். மீன் இல்லாத தொட்டி என்பதால் பயமில்லை.

அடுத்த சந்தேகம் மருந்து. புதுத் தொட்டிக்கென்று சில கடைகளில் நீலச் சொட்டு மருந்து கொடுப்பார்கள். அது பெரும்பாலும் மெத்திலீன் புளூ. நோய்க்குத் தனி வாளியில் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. இந்த நேரத்தில் விட்டால் வளர்கிற பாக்டீரியாவை அழித்துவிடும், சிலிக்கான் ஒட்டும் நீலமாகும்.

மூன்றாவது, ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவது. அழுக்காகத் தெரிந்தாலும் இப்போது தொடாதீர்கள்.

சீக்கிரம் முடிய வேண்டுமா? நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரமாகவே கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு சேர்த்துக் கட்டினால் பல நாள் மிச்சம். பழைய தண்ணீரை மட்டும் வாங்கி ஊற்றுவதால் பயனில்லை.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

13 மி.லி. முழு அளவு விட்டு 24 மணி நேரம் கழித்து அளக்கவும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் உயர்ந்திருந்தால் தொட்டி தயார். அடுத்த நாளும் அதே சோதனையைச் செய்து அதே விடை வர வேண்டும். பொதுவாக மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

"கொஞ்சம் அம்மோனியா இருந்தால் என்ன?" என்று கேட்பார்கள். பி.எச். 7-ல் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8.2, வெப்பம் 30 டிகிரி என்றால் அது நூற்றுக்குப் பதினொன்று ஆகிவிடும். போர் தண்ணீர் ஊற்றிய வெயில்காலத் தொட்டியில் பூஜ்யத்துக்கு மேல் எதையும் ஏற்காதீர்கள்.

மீன் வாங்கப் போவதற்கு முந்தின நாள் நைட்ரேட் 20-க்குக் கீழே வரும்வரை தண்ணீரை மாற்றி, பி.எச். மீண்டும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மீன் வர இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றால் தினமும் அதே கரைசலில் 6 மி.லி. விட்டுக்கொண்டே இருந்து, கடைசி நாளில் தண்ணீர் மாற்றுங்கள். உணவில்லாமல் விட்டால் பாக்டீரியா தளர்ந்துவிடும்.