கொப்புளம் எழும் முன்பே: ஹெர்பிஸ் வைரஸ்களை நேரம் பார்த்துத் தடுப்பது எப்படி

தோல் நோய்ப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஹெர்பிஸ் என்று மருத்துவர் சொன்னதும் முகம் வாடிப்போகிறவர்கள் என்னிடம் தனியே வந்து கேட்கும் முதல் கேள்வி, "இது எப்போது சரியாகும், சிஸ்டர்?" என்பதுதான். கொப்புளம் ஆறிவிடும், வைரஸ் உடம்பை விட்டுப் போகாது. இதை நான் எப்போதும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் அது தலைதூக்கும் நேரங்களும், அடுத்தவருக்குத் தொற்றும் நேரங்களும், மருந்து பலன் தரும் நேரங்களும் ஏறக்குறையத் தெரிந்தவை. அந்த நேரங்களில் முந்திக்கொள்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள். "பார்க்கலாம், நாளைக்குப் போகலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

மனிதரைப் பாதிக்கும் ஹெர்பிஸ் குடும்பத்தில் எட்டு வகைகள் உண்டு. ஆறாம் வகையை இரண்டாகப் பிரித்து எண்ணினால் ஒன்பது. உதட்டிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் 1, 2, சின்னம்மையையும் அக்கியையும் தரும் வேரிசெல்லா ஜோஸ்டர், எப்ஸ்டீன் பார் வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவை அன்றாடம் பேச்சில் வருபவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 சதவீதத்தினருக்கு, சிம்ப்ளக்ஸ் 1 தொற்று இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. இதில் கூனிக்குறுகவோ, யார் மீதும் பழி போடவோ எதுவுமே இல்லை.

வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

இந்த வைரஸ்களின் மரபுப்பொருள் இரட்டை இழை டிஎன்ஏ. அதைச் சுற்றிப் புரதக்கூடு, அதற்கும் வெளியே கொழுப்பாலான மெல்லிய உறை. சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் கரைத்துவிடும், உறை போனால் வைரஸால் தொற்ற முடியாது. கைகழுவச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

உதட்டின் தோலில் நுழையும் சிம்ப்ளக்ஸ் வைரஸ், அங்கே முடியும் நரம்பிழைக்குள் புகுந்து பின்னோக்கிப் பயணம் செய்து, மண்டையோட்டின் அடியில் இருக்கும் முக்கிளை நரம்பின் முடிச்சில் (நரம்புச் செல்கள் திரண்டிருக்கும் இடத்தில்) தங்கிவிடுகிறது. பிறப்புறுப்பில் நுழைந்தது இடுப்பின் கீழ்ப்பகுதி நரம்பு முடிச்சுகளில் தங்கும். வேரிசெல்லா முதுகுத்தண்டையும் முகத்தையும் சார்ந்த முடிச்சுகளில் தங்கும். எப்ஸ்டீன் பார் வைரஸுக்கு நரம்பு வேண்டாம், அது ரத்தத்தின் பி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களில் குடியிருக்கும்.

உடம்பின் காவல் சும்மா இருப்பதில்லை. தொற்று கண்ட செல், வைரஸ் புரதத்தின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். அதைப் பார்த்து டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து அந்தச் செல்லைக் கொல்லும். ஹெர்பிஸ் வைரஸ்களோ இந்தக் காட்டிக்கொடுத்தலையே தடுக்கும் புரதங்களை வைத்திருக்கின்றன. ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) இருந்தும் கொப்புளம் திரும்ப வருவது ஏன் என்று பலர் கேட்பார்கள். எதிர்ப்பொருள் செல்லுக்கு வெளியேதான் வேலை செய்யும். நரம்புக்குள் ஒளிந்திருப்பது அதற்கு எட்டாது. முடிச்சைச் சுற்றி நின்று வைரஸை எழவிடாமல் அழுத்தி வைத்திருப்பவை டி செல்கள். காய்ச்சல், கடும் வெயில், அறுவைச் சிகிச்சை, தொடர்ந்த மனஉளைச்சல், முதுமை, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் போன்றவற்றால் அந்தப் பிடி தளரும்போது வைரஸ் வந்த வழியே தோலுக்குத் திரும்பும்.

மருந்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஹெர்பிஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், தொற்றில்லாத நல்ல செல்லில் கிட்டத்தட்டச் சும்மாவே இருக்கும். பெருகிக்கொண்டிருக்கும் வைரஸின் நொதிதான் அதைத் தட்டியெழுப்புகிறது. உறங்கும் வைரஸ் அந்த நொதியைச் செய்வதில்லை, அதனால் மருந்து அதைத் தொடுவதில்லை. வைரஸ் முழுவேகத்தில் பெருகும் முதல் ஓரிரு நாட்களில் கொடுத்தால்தான் மருந்தின் முழுப் பலனும் கிடைக்கும்.

உதட்டுக் கொப்புளம்: குறுகுறுப்பு தெரிந்த உடனே

உதடும் தோலும் சேரும் ஓரத்தில் முதலில் ஒரு குறுகுறுப்பு, பிறகு லேசான எரிச்சல், தோல் இறுகுவது போன்ற உணர்வு. கண்ணாடியில் அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாளுக்குள் சிவந்து தடித்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும். அவை உடைந்து பொருக்குத் தட்டி விழப் பத்து நாள் வரை ஆகலாம். அந்த முதல் குறுகுறுப்புதான் மாத்திரைக்கு உரிய நேரம். அடிக்கடி வருகிறவர்கள் மருத்துவரிடம் பேசி வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் வருகிறது என்றால், வெளியே போகும் முன் உதட்டுக்குச் சூரியத் தடுப்புக் களிம்பு பூசுங்கள். வாய்க்குள் கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் வரும் வெள்ளைப் புண்கள் பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்ல, அவற்றுக்கு இந்த மருந்து வீண்.

கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், களிம்பு பூசிய பின் கையைக் கழுவுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக விடவே கூடாது. கருவிழியில் ஹெர்பிஸ் புண் இருந்தால் அது புண்ணைப் பரப்பிப் பார்வையையே கெடுத்துவிடும்.

பச்சிளம் குழந்தை

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்டுங்கள். பிறந்து முதல் சில வாரங்களில் குழந்தையின் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிரவில்லை. பெரியவருக்கு வெறும் தொந்தரவாக இருக்கும் அதே வைரஸ், அந்தக் குழந்தையின் கல்லீரலையும் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிரையே குடிக்கக்கூடும். உதட்டில் கொப்புளமோ பொருக்கோ இருப்பவர், யாராக இருந்தாலும், புண் முழுவதும் ஆறும்வரை குழந்தையை முத்தமிடக் கூடாது. கொப்புளம் வந்திருப்பது தாய்க்கே என்றால் முகக்கவசம் அணிந்து, கைகழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம். மார்பில் புண் இல்லாதவரை பால் கொடுக்கலாம்.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், காய்ச்சலோ உடல் சில்லிடுவதோ வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கொப்புளம் இல்லையே என்று காத்திருக்காதீர்கள், பல குழந்தைகளுக்குக் கொப்புளம் வருவதே இல்லை.

தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் முதன்முறையாகத் தொற்றுகிறது என்றால் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம். பல ஆண்டுகளாக இருப்பது திரும்பி வந்தால் ஆபத்து மிகக் குறைவு, தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போயிருக்கும். எப்படியானாலும் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவ வலி எடுக்கும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

பிறப்புறுப்பு ஹெர்பிஸ்

சந்தேகம் இருந்தால் கொப்புளம் புதிதாக இருக்கும்போதே போய் அதிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் இருந்தும் கிடைக்காமல் போகலாம். புண் இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து வைரஸ் வெளிப்படும், முதல் ஆண்டில் இது அதிகம். ஆணுறை தொற்றைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. தினமும் வாலசைக்ளோவிர் எடுத்துக்கொண்டால் இணையருக்கு சிம்ப்ளக்ஸ் இரண்டாம் வகை தொற்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து புண் ஆறும்வரை உறவைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டாம் வகை இருப்பவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பும் கூடும், அதற்கான பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அக்கி: 72 மணி நேரம்

ஒரு மூதாட்டி வலது விலாவில் எரிகிறது என்று வந்தார். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். "அம்மா, ரவிக்கையைக் கொஞ்சம் தூக்குங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். முதுகுத்தண்டிலிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம்வரை சிவப்புத் திட்டுகள், அவற்றின் மேல் ஊசிமுனை அளவில் நீர். பாதிக் கச்சை கட்டியதுபோல் உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிட்டிருந்தது. ஒரு முடிச்சிலிருந்து கிளம்பும் நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே போகிறது. அக்கியும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. காலையில்தான் கண்டதாகச் சொன்னார். அன்றே மாத்திரை தொடங்கியது.

அக்கியில் வலி முதலில் வரும், கொப்புளம் சில நாள் கழித்து வரும். ஒரே பக்கத்தில் காரணம் தெரியாத எரிச்சல் இருந்தால் அந்தத் தோலைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். தடிப்பு கண்டு 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. தாண்டிவிட்டாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து. காதில் வந்து முகம் ஒருபக்கம் கோணினாலும் அவசரம்தான். கொப்புளம் ஆறியும் மாதக்கணக்கில் நீளும் நரம்பு வலிதான் அக்கியின் கொடுமை. துணி உரசுவதைக்கூடத் தாங்க முடியாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. சின்னம்மை வராதவர், தடுப்பூசி போடாதவர் அந்தக் கொப்புள நீரைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை மூடி வையுங்கள், கர்ப்பிணிகளிடமும் கைக்குழந்தைகளிடமும் நெருங்காதீர்கள்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸ் இருக்கிறது. இரண்டு தவணை, இடையில் 2 முதல் 6 மாதம். அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் ஒரு புரதம் மட்டுமே இருப்பதால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். பெரிய ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் அக்கியைத் தடுத்திருக்கிறது. கை இரண்டு நாள் வலிக்கும், காய்ச்சலும் வரலாம். அதற்குப் பயந்து இரண்டாம் தவணையை விட்டுவிடாதீர்கள்.

சின்னம்மையும் மற்றவையும்

சின்னம்மைக்கான தடுப்பூசி வைரஸை ஜப்பானின் மிச்சியாக்கி தகாஹாஷி 1970களில் உருவாக்கினார். குழந்தைகளுக்கு இரண்டு தவணை போடுங்கள். சின்னம்மை கண்டவருடன் பழகிய, தடுப்பூசி போடாதவருக்கு 3 நாளுக்குள், முடியாவிட்டால் 5 நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு. கர்ப்பிணிக்கு இந்த ஊசி கூடாது. அவர் உடனே மருத்துவரிடம் போனால் 10 நாளுக்குள் எதிர்ப்பொருள் ஊசி போட வழியிருக்கிறது. தடிப்பு தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை காற்றில் பரவத் தொடங்கிவிடும். குழந்தையின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரும் அபாயம் உண்டு.

கர்ப்பமாக இருக்கும்போது வீட்டில் சிறு குழந்தை இருந்தால் சைட்டோமெகலோ வைரஸை மனத்தில் வையுங்கள். அது சிறுவர்களின் எச்சிலிலும் சிறுநீரிலும் வரும். குழந்தையின் கரண்டியை வாயில் வைக்காதீர்கள், டயப்பர் மாற்றியதும் கைகழுவுங்கள், உதட்டில் வேண்டாம், நெற்றியில் முத்தமிடுங்கள். வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தொற்றினால் காது கேளாமை வரலாம். பிறந்த குழந்தை செவிப் பரிசோதனையில் தேறாவிட்டால் 21 நாளுக்குள் எச்சிலையோ சிறுநீரையோ இந்த வைரஸுக்காகச் சோதிக்கக் கேளுங்கள். அதன் பிறகு தொற்று கருவில் வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எப்ஸ்டீன் பார் வைரஸ் இளைஞர்களுக்குத் தொண்டைவலியும் கழுத்துக் கட்டிகளும் பெரும் அசதியும் தரும். மண்ணீரல் வீங்கியிருக்கும் என்பதால் மோதி விளையாடும் ஆட்டங்களைக் குறைந்தது 3 வாரம் நிறுத்திவைத்து, மருத்துவர் சொன்ன பிறகே தொடங்குங்கள். இதற்கும் சைட்டோமெகலோவுக்கும் சிம்ப்ளக்ஸுக்கும் பொதுப் பயன்பாட்டுக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துக்கோ தயாராகிறவர்கள் முதல் மாத்திரைக்கு முன்பே சின்னம்மை வந்ததுண்டா என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சின்னம்மை ஊசியில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் மருந்து தொடங்குவதற்குக் குறைந்தது 4 வாரம் முன்பே அதைப் போட்டு முடித்திருக்க வேண்டும். மருந்து தொடங்கிவிட்டால் அந்த ஊசியை வழக்கமாகப் போடமாட்டார்கள்.