கடலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா? மிதக்கும் எல்என்ஜி ஆலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், கப்பல் கட்டும் யார்டில் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு மிதக்கும் ஆலையின் திட்டக் கூட்டம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பையன் திரையில் அட்டவணையைக் காட்டிவிட்டு, "மூணு பர்சென்ட்தான் சார் மிச்சம். கடல்ல போய் முடிச்சுக்கலாம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் இதே வாக்கியத்தை, இதே தைரியத்தோடு நானும் சொல்லியிருக்கிறேன்.

ஹெல்மெட் போடு, பெர்மிட் இல்லாமல் வால்வைத் தொடாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்களே கூசாமல் செய்கிற தவறுகள் சில உண்டு. அவை மட்டும்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு, மிதக்கும் எல்என்ஜி ஆலை என்றால் என்ன என்று ஒரு பத்தி. கடலடியில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவைக் குழாய் போட்டுக் கரைக்கு இழுக்காமல், வயலுக்கு மேலேயே ஒரு பெரிய கலத்தை நங்கூரமிட்டு நிறுத்திவிடுவது. வாயுவைச் சுத்தம் செய்து, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி (அந்தத் திரவம்தான் எல்என்ஜி), கப்பலில் ஏற்றிவிடுவது வரை எல்லாம் அங்கேயே. அறுநூறு பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்கும். மலேசியாவின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் 2016 டிசம்பரில் சரவாக் கடலில் இப்படி முதல் எல்என்ஜியை எடுத்துக்காட்டியது. மொசாம்பிக்கில் கரையில் கட்டிக்கொண்டிருந்த பெரிய எல்என்ஜி திட்டம் 2021-ல் பால்மா நகரத் தாக்குதலுக்குப் பிறகு நின்றுபோனது. அதே கடலில் சுமார் 2,000 மீட்டர் ஆழத்தின் மேல் மிதக்கும் கோரல் சுல் என்ற ஆலை, 2022 நவம்பரில் முதல் சரக்கை அனுப்பிவிட்டது. இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கரை ஆலையைத் தூக்கிக் கப்பலில் வைத்தால் போதும் என்று நினைப்பது

கரையில் கோபுரம் ஆடாது. இங்கே ஆடும். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் அமீன் கோபுரம் கொஞ்சம் சாய்ந்தாலும் திரவம் ஒரு பக்கமாக ஓடும், வாயு மறுபக்கமாக நழுவிப் போகும். கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஐம்பது பங்குக்குக் கீழே வராவிட்டால் குளிர்ப் பகுதியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். கரை ஆலையில் பத்து வருடம் ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஆண்டுத் திறனை அப்படியே 365-ஆல் வகுத்து வருமானக் கணக்குப் போடுவது

போடாதீர்கள்.

மிச்ச வேலையைக் கடலில் முடித்துக்கொள்ளலாம் என்பது

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதுதான்.

யார்டில் ஆள் பஞ்சமே கிடையாது. சாயங்காலம் சாரம் கேட்டால் காலையில் கட்டி நிற்கும். கேஸ்கெட் (குழாய் இணைப்பில் கசிவை அடைக்கும் வளையம்) தவறாக வந்தால் சைக்கிளில் ஸ்டோருக்குப் போய் வேறு எடுத்து வரலாம். கலம் கிளம்பியதும் எல்லாம் மாறிவிடும். கடலில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்பது கையிலிருக்கும் பணத்தைப் பொறுத்ததல்ல, கட்டிலைப் பொறுத்தது. தங்குமிடத்தில் எத்தனை கட்டிலோ, உயிர்காப்புப் படகில் எத்தனை இருக்கையோ, அத்தனை பேர்தான். ஆலையை ஓட்டுகிறவர்கள், கிரேன்காரர்கள், சமையல்காரர்கள், மருத்துவ உதவியாளர் என்று கழித்துக்கொண்டே வாருங்கள். மிச்ச வேலைக்குக் கிடைப்பது கைவிரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்.

என் கதையைச் சொல்கிறேன். குளிர்ப் பகுதியில் ஒரு பிரிவுக்குக் கசிவுச் சோதனை பாக்கி இருந்தது. நைட்ரஜனில் கொஞ்சம் ஹீலியம் கலந்து குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு ஃபிளேஞ்சாக, அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் இடமாக, மோப்பம் பிடிக்கிற சோதனை. இழுவைப் படகுகள் வந்து நின்றுவிட்டன, நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாப் பிரிவும் சுத்தமாகத்தானே இருந்தது என்று நான்தான் 'கேரி ஓவர்', அதாவது கடலில் பார்த்துக்கொள்ளலாம், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடலில் சோதித்தபோது ஒரே ஒரு ஃபிளேஞ்ச் கசிந்தது. உள்ளே தப்பான கேஸ்கெட். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஓரத்து நிறப்பட்டைதான் வேறு. அது இருந்தது ஒன்பது மீட்டர் உயரத்தில். சாரம் கட்டுகிறவர்கள் கலத்தில் மூன்றே பேர், மூவரும் வேறு வேலையில். சரியான கேஸ்கெட் கரைக் கிடங்கில். அதைக் கொண்டுவந்த படகு பக்கத்தில் வந்து நின்றும், அலை அடங்காததால் கிரேன் இரண்டு நாள் பெட்டியைத் தூக்கவில்லை. கண்ணெதிரே கேஸ்கெட், கைக்கு எட்டவில்லை.

அதோடு விட்டதா? ஃபிளேஞ்சைத் திறந்ததும் ஈரக் கடற்காற்று உள்ளே போய்விட்டது. குளிர்ப் பகுதிக்குள் ஈரம் ஒட்டியிருந்தால் பனிக்கட்டியாகி வெப்பப் பரிமாற்றியை அடைக்கும். அதற்காக ஒரு வாரமாக வெதுவெதுப்பான நைட்ரஜனை ஓட்டி உலர்த்தி வைத்திருந்தோம். மறுபடி முதலிலிருந்து. மொத்தம் 19 நாள். ஒரு கேஸ்கெட்டுக்கு. யார்டிலேயே பார்த்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்திருக்கும்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? கிளம்பும் தேதிதான் காரணம். பல ஒப்பந்தங்களில் அந்தத் தேதியில்தான் யார்டுக்கு ஒரு பெரிய தவணை விழும். அதே இடத்துக்கு அடுத்த கலம் காத்திருக்கும். கொரியாவில் சூறாவளிப் பருவம், ஆஸ்திரேலியாவில் வேறொரு சூறாவளிப் பருவம், இரண்டுக்கும் நடுவே புகுந்து போக வேண்டும். தலைமை அலுவலகத்தில் படம் எடுக்கத் தேதி குறித்திருப்பார்கள். இத்தனை பேர் அவசரப்படும்போது கமிஷனிங் ஆள் (ஆலையைச் சோதித்து ஓடவைக்கிறவன்) ஒருவன் "இன்னும் ஆறு வாரம்" என்றால் அவன்தான் வில்லன். சரி, வில்லனாகவே இருங்கள்.

ஆஸ்திரேலியக் கடலில் இருக்கும் ஷெல்லின் மிதக்கும் ஆலை பிரிலூட், கொரியாவின் கோஜே யார்டிலிருந்து 2017 ஜூனில் கிளம்பியது. 488 மீட்டர் நீளக் கலம். கிணறு திறந்தது 2018 டிசம்பரில், முதல் எல்என்ஜி சரக்கு போனது 2019 ஜூனில். அங்கே எந்த வேலை எங்கே மிச்சம் இருந்தது என்பதற்குள் நான் போகவில்லை. கடலில் நாள் எப்படி ஓடும் என்பதற்கு அந்தத் தேதிகள் போதும். அங்கே செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும்: கிணற்றைத் திறக்கும் முன், 2018-ல் வெளியிலிருந்து ஒரு கப்பல் எல்என்ஜி வாங்கி ஏற்றி, தொட்டிகளைக் குளிர்வித்துப் பார்த்தார்கள். எல்என்ஜி ஆலை எல்என்ஜி வாங்குகிறதே என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை.

அந்தப் பையனிடம் சொன்னது இதுதான்: சதவீதத்தைக் கிழித்துப் போடு. ஒவ்வொரு மிச்சத்துக்கும் எத்தனை ஆள், எத்தனை நாள், அதாவது எத்தனை கட்டில்-நாள் என்று எழுது. சாரம் வேண்டுமா, வெல்டிங் உண்டா, குளிர்ப் பகுதியைத் திறக்க வேண்டுமா, உதிரிப் பாகம் கலத்தில் இருக்கிறதா? சாரம், வெல்டிங், திறப்பு மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அந்த வேலை யார்டை விட்டுப் போகக்கூடாது. வாயு உள்ளே வந்த பிறகு ஒரு சின்ன வெல்டிங்குக்குக்கூட வாயுச் சோதனை, தீக்காவல், தடுப்புக் கூடாரம் எல்லாம் வேண்டும். பெயின்ட், பெயர் ஒட்டுவது இவை வேண்டுமானால் கடலுக்கு வரட்டும்.

தொட்டியில் பத்து நாள் இடம் இருக்கிறது என்பது

பிரிலூட்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36 லட்சம் டன் என்றால் முழு ஓட்டத்தில் நாளுக்குச் சுமார் 22,000 கன மீட்டர். தொட்டிகள் 38,000 வீதம் ஆறு, மொத்தம் 2,28,000. ஆக, பத்து நாள்! புதியவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

வரும் கப்பல் 1,70,000 கன மீட்டர் எடுக்கும் என்று வையுங்கள். அந்த அளவு சேர்ந்ததும் கப்பல் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குமேல் மிச்சம் 58,000, இரண்டரை நாள்தான். அடியில் எப்போதும் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும் என்பதால் அதுவும் குறையும். அலை மூன்று நாள் அடங்காவிட்டால் ஆலையை மட்டுப்படுத்த வேண்டியதுதான். சாதாரண எல்என்ஜி கப்பல் நிறைந்தோ காலியாகவோதான் ஓடும், நம் தொட்டி எந்நேரமும் அரைகுறை. அரைத் தொட்டியில் திரவம் சுவரில் மோதும் வேகம் பயங்கரமானது. பிரிலூட்டில் தொட்டிகளை இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

மின்சாரத்தை இரண்டாம்பட்சச் சமாச்சாரமாக நினைப்பது

கரையில் கிரிட், அதாவது பொது மின்கட்டமைப்பு, இருக்கும். கடலில் யாரும் கம்பி நீட்ட மாட்டார்கள். 2021 டிசம்பரில் பிரிலூட்டில் மின்சாதன அறை ஒன்றில் ஏற்பட்ட தீயைத் தொடர்ந்து முதன்மை மின்சாரம் போனது. நம்பகமான மின்சாரம் உண்டு என்று காட்டும்வரை உற்பத்தி கூடாது என்றது ஆஸ்திரேலியக் கண்காணிப்பு அமைப்பான நோப்செமா. மறுபடி சரக்கு ஏற்றியது 2022 ஏப்ரலில்.

மிதக்கிறதே, எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பது

நகர்த்தலாம். பெட்ரோனாஸின் முதல் கலமே 2019-ல் சரவாக்கிலிருந்து சபா கடலுக்கு மாறியது. டாங்கோ என்ற சின்னக் கலம் அர்ஜென்டினாவில் ஒப்பந்தம் முறிந்து, பிறகு காங்கோவுக்குப் போய் 2024-ல்தான் சரக்கு அனுப்பியது. நடுவில் கைமாறவும் செய்தது. கலம் நகரும், ஆனால் வாயு ஊருக்கு ஊர் வேறு. பாதரசம், கார்பன் டை ஆக்சைடு, கனமான ஹைட்ரோகார்பன் எல்லாம் புது வயலில் எவ்வளவு என்று பார்க்காமல் இழுவைப் படகைக் கூப்பிடாதீர்கள்.

கமிஷனிங் நேரத்தில் விருந்தாளிகளை அழைப்பது

ஒரு விருந்தாளி, ஒரு கட்டில். படம் எடுத்துக்கொள்ள யார்டே போதும்.