பள்ளிக்குள் சாதி ஒதுக்கல்: எண்ணிப் பார்ப்பதும் எழுதிக் கொடுப்பதும் எப்படி

"உன் பிள்ளையைச் சேர்க்க முடியாது" என்று பள்ளி வாசலிலேயே சொல்வது இன்று அரிது. 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதைக் குற்றமாக்கிவிட்டன. ஒதுக்கல் இப்போது வாசலைத் தாண்டி உள்ளே நடக்கிறது: எந்தப் பிரிவு, எந்த பெஞ்ச், எந்தக் குடிநீர்க் குழாய், துடைப்பம் யார் கையில். "எங்கள் பிள்ளைகளை ஒதுக்குகிறார்கள்" என்று மட்டும் எழுதிய மனுவுக்கு, "விசாரித்தோம், அப்படி எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். தேதியும் எண்ணிக்கையும் உள்ள மனுவை அப்படி மூட முடியாது. ஆகவே மனு எழுதும் முன் குறைந்தது இரண்டு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிக்க ஒரு நோட்டுப் போதும். தேதி, நேரம், இடம், நடந்தது என்ன, சொன்னது யார், பார்த்தவர்கள் கேட்டவர்கள் யார் என்று ஆறு கட்டம். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. பிள்ளை சொன்னதை அது சொன்ன சொல்லிலேயே, அன்றைக்கே எழுதுங்கள். பெரியவர்கள் மெருகேற்றிய வாக்கியம் விசாரணையில் நிற்காது. ஒரே கேள்வியைப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும், பதிலும் அதற்கேற்ப மாறும்.

எங்கே பார்ப்பது? துப்புரவு வேலைதான் முதலில். கழிப்பறை, வகுப்பறை, முற்றம் எதுவானாலும் யார் செய்தது, யார் செய்யச் சொன்னது என்று நாள்தோறும் குறியுங்கள். "முறை வைத்துத்தான் செய்கிறார்கள்" என்பது வழக்கமான பதில். அப்படியானால் முறைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பட்டியல் இல்லையென்றால் முறையும் இல்லை. பட்டியல் இருந்தால் உங்கள் நோட்டோடு பெயர்க்குப் பெயர் ஒப்பிடுங்கள். கழிப்பறை கழுவுவதில் இந்த ஒப்பீடுகூடத் தேவையில்லை, எந்தப் பிள்ளையும் அதைச் செய்யக் கூடாது.

அடுத்தது உணவு வரிசை. தட்டு, தம்ளர் தனியாக வைக்கப்படுகிறதா, யாரோ கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கிறதா, சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிச் சில வீட்டார் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுக்கிறார்களா என்று பாருங்கள். உதவித்தொகை அறிவிப்பும் முக்கியம். "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று வகுப்பில் உரக்கச் சொன்னால், அந்த ஒரு நிமிடத்தில் முழு வகுப்புக்கும் எல்லார் சாதியும் தெரிந்துவிடுகிறது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவை அடையாளமாக மாறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

2023இல் நாங்குநேரியில் மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது தந்த அறிக்கை, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாதபடி செய்யவும், இருக்கைகளை அகர வரிசைப்படி அமைக்கவும் பரிந்துரைத்தது. மற்றதெல்லாம் நாளாகலாம், இருக்கையை நாளைக் காலையே மாற்றலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதல் கோரிக்கையாக இதை வையுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பேசியது தீர்மானப் பதிவேட்டில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

பிரிவுகளை எண்ணுவது

இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். "மார்க் பார்த்துப் பிரித்தோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளி கூடாது என்றது. அதன் பிறகும் வாஷிங்டன் பள்ளிகளில் திறன் அடிப்படையிலான பிரிவுகள் பிள்ளைகளைப் பிரித்தே வைத்திருந்தன. 1967இல் ஹாப்சன் எதிர் ஹான்சன் வழக்கில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அந்த முறையைத் தள்ளினார்.

ஒதுக்கலை அளக்கும் குறியீடு ஒன்று உண்டு. கணக்கு எளிது. ஒன்பதாம் வகுப்பில் 120 பேர், அவர்களில் 40 பேர் பட்டியல் சாதியினர், மூன்று பிரிவுகள் என்று வைத்துக்கொள்வோம். அ பிரிவில் அவர்கள் 4 பேர், மற்றவர்கள் 36. ஆ பிரிவில் 12, 28. இ பிரிவில் 24, 16. 40 பேரில் அ, ஆ, இ பிரிவுகளில் இருப்பவர்கள் முறையே 10, 30, 60 விழுக்காடு. மற்ற 80 பேரில் 45, 35, 20 விழுக்காடு. ஒவ்வொரு பிரிவிலும் உள்ள வித்தியாசம் 35, 5, 40. கூட்டினால் 80, பாதி 40. அதுதான் குறியீடு. 0 என்றால் முழுக் கலப்பு, 100 என்றால் முழுப் பிரிவினை.

ஓர் எச்சரிக்கை. இதே அளவுள்ள வகுப்பைக் குலுக்கல் போட்டுப் பிரித்தாலும் 10 முதல் 15 வரை வரலாம். எண்ணிக்கை குறையக் குறைய தற்செயலின் பங்கு கூடும். பத்துப் பிள்ளைகளை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். 25ஐத் தாண்டினால் தற்செயல் என்று சொல்வது கடினம். 40 வந்தால், எந்தத் தேர்வின் மதிப்பெண், எந்தத் தேதியில், யார் முடிவுசெய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

எண்கள் எங்கே கிடைக்கும்? வகுப்பில் பிள்ளைகளிடம் சாதி கேட்கவே கூடாது. ஒதுக்கலைக் கண்டுபிடிக்கப் போய் நாமே அதைச் செய்ததாகிவிடும். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸில் இந்த விவரம் உண்டு. தலைமை ஆசிரியரிடம் பிரிவுவாரியான மொத்தத்தை மட்டும் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பெயர்ப் பட்டியல் கேட்டால் தனிநபர் விவரம் என்று சொல்லி மறுத்துவிடுவார்கள், எண்ணிக்கை கேட்டால் அந்தக் காரணம் செல்லாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தனியார் பள்ளி என்றால் மனுவைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளைத் தனி வகுப்பறையிலோ தனி நேரத்திலோ உட்கார வைக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. நூலகம், விளையாட்டு, கணினி அறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எழுதிக் கொடுப்பது

ஒரு மனுவில் ஒரு விஷயம். கழிப்பறை, இருக்கை, திட்டியது, டி.சி. மிரட்டல் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். முதல் பத்தியில் நடந்தது, இரண்டாவதில் சான்று, மூன்றாவதில் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். போடமாட்டோம் என்றால் பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு உதவும். உள்ளாட்சி அதிகார அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும், அதில் திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. மனுவின் தலைப்பிலேயே "பிரிவு 32இன் கீழ்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சாதாரண மனுக்களோடு மனுவாகக் கிடக்கும். ஒன்பதாம் வகுப்பு முதல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு நேரடியாக எழுதலாம். அடிப்பது, மனதைப் புண்படுத்துவது இரண்டையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது.

சாதி சொல்லித் திட்டியது போன்றவற்றுக்குக் காவல் நிலையம் போக வேண்டியிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அந்த வகுப்புகளைச் சேராதவராகவும் இருந்தால்தான் பொருந்தும். திட்டியது "பொதுப் பார்வையில்" நடந்திருக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கிறது, அதனால்தான் யார் கேட்டார்கள் என்ற கட்டம் நோட்டில் அவசியம். வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது அதே சட்டத்தின் 18அ பிரிவு. நிலையத்தில் ஏற்கவில்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். 14566 என்ற தேசிய உதவி எண்ணும், குழந்தைகளுக்கு 1098ம் உண்டு.

புகார் கொடுத்த மறுவாரம் ஊரார் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று வருவார்கள். வாய்ப்பேச்சில் முடித்தால் நாளை கையில் ஒன்றும் இருக்காது. பள்ளி எதை மாற்றியது, எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் தரட்டும். பிள்ளையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எதிரியும் மாணவனாக இருந்தால் அவன் பெயரையும் போடாதீர்கள். டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொன்னால், அன்றே தேதியிட்டு அதைத் தனி மனுவாகக் கொடுங்கள்.

அடுத்த ஜூனில் புதிய பிரிவுகள் பிரித்த முதல் மாதத்திலேயே அதே கணக்கை மறுபடியும் போட்டு, சென்ற ஆண்டு எண்ணின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.