உள்சுவரில் எதற்கு ஜன்னல்? சிங்கப்பூரில் தரைவீட்டை (சொந்த நிலத்தில் நிற்கிற வீட்டை) விரிவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஆர்கிடெக்ட் அலுவலகத்து ஜூனியர் ஒருவர் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு டெரஸ் வீட்டை, அதாவது பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கிற வீட்டை, அளந்துவிட்டு வந்தார். லேசர் மீட்டர் வைத்து மில்லிமீட்டர் சுத்தமாக அளந்திருந்தார். "பழைய அப்ரூவ்டு பிளான் எடுத்தாச்சா?" என்று கேட்டேன். "வீடே கண் முன்னால நிக்குதே அண்ணே" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். அந்த எரிச்சலில் எழுதுகிறேன்.

பிளக் பாயின்ட் போதவில்லை, அலமாரி இடிக்கிறது என்பதெல்லாம் இங்கே கிடையாது. அவற்றை ஒரு முறை பட்டாலே தெரிந்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் இதில் பெரிதாக ஒன்றுமில்லை, அந்த வீட்டை வெளியே நீட்ட வழியே கிடையாது.

நிற்கிற வீட்டை நம்புவது

நான் அப்படி நம்பியது என் சித்தப்பா வாங்கிய பழைய டெரஸ் வீட்டை. மேலே இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் இடம் கூட்ட வேண்டும் என்றார். வீட்டை நான்தான் அளந்தேன். 164 சதுர மீட்டர் வந்தது. கூட்டப்போவது 66. பாதிக்கும் குறைவுதானே, 'ஏ அண்ட் ஏ', அதாவது கூட்டல் மாற்றல் வேலையாக முடித்துவிடலாம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். சித்தப்பாவும் அதை நம்பி வங்கிக் கடன் வரைக்கும் போய்விட்டார்.

சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரில் ஒரு ஜன்னல். கண்ணாடிப் பட்டைகளை ஏற்றி இறக்குகிற பழைய மாடல். அதைத் திறந்தால் தெரிவது அடுப்பு. வீட்டுக்குள் இருக்கிற சுவருக்கு எதற்கு ஜன்னல் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாசற்படி தாண்டினால் தரை அரை அங்குலம் இறங்கும், டைல் நிறமும் மாறும். வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு இரும்பு மூடி, கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல். "அது அந்தக் காலத்து மூடி, விடுடா" என்றார் சித்தப்பா. நானும் விட்டேன்.

பிளானைத் தோண்டி எடுத்தபோதுதான் தெரிந்தது, அனுமதிபெற்ற பரப்பு 140 மட்டும். அந்த ஜன்னல் இருந்த சுவர்தான் வீட்டின் வெளிச்சுவர். அதற்கு அப்பால் இருந்த 24 சதுர மீட்டர் சமையலறை, முந்தைய சொந்தக்காரர் யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டது.

நகர மறுசீரமைப்பு ஆணையம் 50 விழுக்காடு என்று சொல்வது, அனுமதிபெற்ற மொத்தத் தளப் பரப்பில். நிற்கிற வீட்டில் அல்ல. ஆக, எங்கள் கணக்கில் பழைய சமையலறையும் புதிதாகக் கூட்டுவதில் சேர்ந்தது. 24-உம் 66-உம் 90. எல்லை 70. அதைத் தாண்டினால் 'ரீகன்ஸ்ட்ரக்ஷன்', அதாவது மறுகட்டுமானம். வெளிச்சுவர்களில் பாதிக்கு மேல் இடித்து மாற்றினாலும் அதே கதைதான். பெயர் மாறுவதோடு போகாது. முழு வீடும் இன்றைய விதிகளுக்குள் வந்தாக வேண்டும், செலவும் வேறு கணக்கு. அது போதாதென்று, பின் எல்லையிலிருந்து விட வேண்டிய 2 மீட்டரை அந்தச் சமையலறை முழுசாக விழுங்கியிருந்தது. யார் கட்டியிருந்தாலும் ஆணை வருவது இப்போதைய உரிமையாளரின் பெயருக்கு.

மேலே ஓர் அறையை வெட்டினோம். சமையலறையின் பின்பகுதியை இடித்தோம். வரைந்ததையெல்லாம் திரும்ப வரைந்தோம். சித்தப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்குப் போனால் சித்திதான் கதவைத் திறப்பார்.

இதைத் தவிர்க்க ஆகும் செலவு ரொம்பக் குறைவு. கட்டட, கட்டுமான ஆணையத்திடம் பழைய கட்டடப் பிளானை விண்ணப்பித்து வாங்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கழிவுநீர்க் குழாய், வடிகால் போகிற வழி காட்டும் வரைபடங்கள் உண்டு. சாலை விரிவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வரைபடம் சொல்லும். ஆர்கிடெக்டிடம் முதல் சந்திப்பிலேயே "எங்கள் வீட்டின் அனுமதிபெற்ற பரப்பு என்ன?" என்று கேளுங்கள். அவர் மீட்டரை எடுத்தால் கொஞ்சம் பயப்படுங்கள். வீடு வாங்கும் முன்பே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது, விலை பேசவும் உதவும்.

காண்ட்ராக்டர் கூட்டி வரும் ஆர்கிடெக்ட்

தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன், வேலை சீக்கிரம் நகரும். ஆனால் யார் சம்பளம் கொடுக்கிறார் என்று யோசியுங்கள். கம்பி குறைவாகக் கட்டியிருப்பதைப் பார்த்தால், தன்னைக் கூட்டி வந்தவரையே அவர் தட்டிக்கேட்க வேண்டியிருக்கும். தனியாக நீங்களே அமர்த்துங்கள். கையெழுத்து போடுவதற்கு முன், பெயர் கட்டடக்கலைஞர் வாரியத்தின் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாம் ஷெல்ட்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுக் காப்பறை) சுவர்

தொடாதீர்கள்.

வாஸ்துவைக் கடைசியில் சொல்வது

பூஜை அறை ஈசானியத்தில், அடுப்பு அக்கினி மூலையில். சரி, செய்யலாம். எனக்கு ஆட்சேபணையே இல்லை. பிளான் சமர்ப்பித்து அனுமதி வந்த பிறகு ஊரிலிருந்து மாமியார் வந்து சொன்னால்தான் சிக்கல். மாடிப்படியை நகர்த்தினால் தூண் நகரும். தூண் நகர்ந்தால் என்ஜினியர் திரும்பக் கணக்குப் போட வேண்டும், திருத்திய பிளானைத் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். மாமியாரை முதல் கூட்டத்துக்கே அழைத்து வாருங்கள். காப்பி நான் வாங்கித் தருகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்

இடிக்கிற அன்று காலையில் சொல்லாதீர்கள். முந்தின மாதமே போய், பொதுச் சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கிரகப்பிரவேசத் தேதி

ஜோசியரைப் பார்த்து தை மாதத்தில் நாள் குறித்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி கட்டுங்கள் என்பார்கள். ரீகன்ஸ்ட்ரக்ஷன் செய்த வீட்டுக்குள் குடிபோக தற்காலிகக் குடியிருப்பு அனுமதி, அதாவது 'டாப்', கையில் வந்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவருக்கு முகூர்த்தம் தெரியாது. மாடிப்படிக் கைப்பிடி சரியில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார், ஒரு மாதம் போய்விடும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அழைப்பிதழே அடித்துவிட்டது. கடைசியில் காண்ட்ராக்டரிடம் கெஞ்சி விடிகாலையில் ஒரு மணி நேரம் வாங்கினார்கள். பூசாத சுவர்களுக்கு நடுவே கேம்ப் அடுப்பில் பால் பொங்கியது. ஐயர் உட்பட எல்லோர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட்.