பழைய பிக்கப் வாங்குவதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது வேலை. இன்ஜினை இறக்கிச் சரிசெய்யலாம், மாற்றக்கூடச் செய்யலாம். ஆனால் வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் அரித்துப் போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

பகலில் போங்கள், ஒரு டார்ச், சின்னச் சுத்தியல், காந்தம் போதும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையவே கூடாது, ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். சேஸிஸை நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாக 'டொக்' என்னும், அங்கே செதில் செதிலாக உதிரவும் செய்யும். மேலாகப் படிந்த செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம்; அடுக்கடுக்காக உரிகிற துருதான் ஆபத்து. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய வில்) மாட்டியிருக்கும் இடங்கள், ஸ்டெப்னிக்கு மேலே, பிரேக் பைப் ஓடும் வழி, இந்த மூன்றையும் விடாதீர்கள். பெட்டி வடிவ சேஸிஸ் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், அதனால் ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பதற்கு முன்னால் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம் பாடி. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வீல் வளைவு, கதவின் அடிப்பகுதி, கேபின் மூலைகள் எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே தகடு இல்லை, ஓட்டையையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. (2015 மாடல் முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 மாதிரி அலுமினிய பாடிக்கு இந்தச் சோதனை செல்லாது, ஆனால் அதற்கும் சேஸிஸ் இரும்புதான்.) லோடு தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், அதற்கடியில் தேங்கும் தண்ணீரும் மணலும் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். கேபின் மேட்டைத் தூக்கும்போது ஈர வாடை அடித்து, சீட் போல்ட்டுகளும் துருப்பிடித்திருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

சரி, வாங்கியாயிற்று. இனி ஈரம் தங்காமல் பார்ப்பதுதான் வேலை. கதவுக்கு அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், அடைத்துக்கொண்டால் கதவு உள்ளேயே அழுகும். கடலோரத்திலோ பனி உருக உப்புத் தூவிய சாலையிலோ ஓட்டினால் மேல் பாடியைவிட அடிப்பக்கத்துக்குத்தான் அதிகம் தண்ணீர் அடிக்க வேண்டும். பெயின்ட் பெயர்ந்த இடத்தை அன்றைக்கே கவனியுங்கள்: தளர்ந்த துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, பளபளப்பான தகடு வரும்வரை உப்புத்தாள் போட்டு, பிரைமர், அதன்மேல் பெயின்ட். குழிகளில் துரு மிஞ்சினால் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவலாம், அது துருவோடு சேர்ந்து கறுப்பாக இறுகும். துருவே இல்லாத தகட்டில் தடவுவது வீண்.

அடிப்பக்கத்தைக் காக்க அடிக்கும் ரப்பர் கோட்டிங்கைச் சிலர் துருவின் மேலேயே அடித்துவிடுகிறார்கள், அது வெடித்தால் ஈரம் உள்ளே சிக்கி முன்பைவிட வேகமாக அரிக்கும். சேஸிஸின் உட்பக்கத்துக்கு நான் மெழுகு அல்லது எண்ணெய் வகைக் கோட்டிங்கைத்தான் சொல்வேன், சந்து பொந்தெல்லாம் பரவும், ஆனால் நாளாக ஆகக் கழுவிப் போய்விடுவதால் அவ்வப்போது மறுபடி அடிக்க வேண்டும். அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கையும் சைலன்சரையும் மூடிக்கொள்ளுங்கள்.